எதிரிலை

ஜெண்டியன் இலைகள் எதிரெதிரே நிற்கும்.
மாற்றி மாற்றி நின்றால் விஷச்செடி, தொடாதே.
ஆவெர்ன் மலைச்சரிவில்
வேலிக்கு அப்பாலிருந்து ஃபிர்மின் கத்தினான்.
வேலி வழக்குக்குப் பிறகு
ஒடீலிடம் அவன் வாய் திறந்தது அன்றுதான்.

"தெரியும்" என்றாள்,
கடப்பாரையை நெம்பியபடியே.

முழங்கை நீள வேர்.
அரிந்து, ஆரஞ்சுத் தோலோடு
வெள்ளை ஒயினில் நாற்பது நாள்.
மூன்றாம் வாரமே பொறுக்காமல்
விரல் விட்டு நக்கினாள்;
காது வரைக்கும் கசந்தது.

டிசம்பரில், பன்றி அறுத்த விருந்தில்
மூன்று தட்டு தின்றுவிட்டு
பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தவன் முன்
சின்னக் கிளாஸ் ஒன்றை வைத்தாள்.

குடிக்குமுன்
அவள் முகத்தைப் பார்த்தான்,
இலையைப் பார்ப்பதுபோல.

குடித்தான்.
அறை அதிர ஒரு ஏப்பம்.
வழக்கு வியாழக்கிழமை.