தொடர்ச்சிக் குறிப்பு

கெர்லிட்ஸில் போன வாரம் பெய்த நிஜப்பனி
இயக்குநருக்குப் போதவில்லை.
இன்று பெய்வது காகிதம்.
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நான்காம் ஆண்டின் தெருவில்
எந்த ஆண்டையும் சேராத குதிரை
சாணி போடுகிறது.

பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை.
மெழுகுதிரி நாலு விரற்கடை.
கடிதம் மூன்றாய் மடிந்தது, கிழிசல் இடப்பக்கம்.
மர வியாபாரியின் மனைவி ஹெட்விக்
நில அளவைக்காரனுக்குக் கதவு திறக்கையில்
காதோரம் ஒரு பிரி முடி வெளியே.
அவன் போன பிறகும் அதே பிரி, அதே காது.
இல்லையென்றால் பார்ப்பவர்கள்
இடையில் நடந்ததைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள்.
சரியாகப் புரிந்துகொள்ள
இரண்டு பிரி வேண்டும்.

பதினான்காம் முறை முத்தமிட்டார்கள்.
பதினான்காம் முறையும் அவன் கை அவள் இடுப்பில்.
எழுதினேன்: வலது.
இடைவேளையில் இருவரும்
தனித்தனி நாற்காலியில், தனித்தனிக் கைபேசியில்
பிள்ளைகளுக்கு இரவு வணக்கம் சொன்னார்கள்.

விடுதி அறை. நைசே ஆற்றுக்கு அப்பால்
போலந்தின் விளக்குகள்.
வுப்பர்டாலுக்கு அழைத்தேன்.
"பல்கனியில நிக்கிறன். உள்ளுக்கை சிக்னல் இல்லை."
குகதாசன். இருபத்திரண்டு வருஷத்துக் குரல்.
"குளிரேல்லையோ?"
"இல்லை. நீர் சாப்பிட்டிட்டீரோ?"
பின்னால் குக்கர் கூவியது. ஒன்று.
வாடகை கூடப்போவதைச் சொன்னார். இரண்டு.
காரின் டயரைச் சொன்னார். மூன்று.
நான்காவது வரவில்லை.
அவர் பல்கனியில்தான் நின்றார்,
காற்று கைபேசியில் அடித்துக்கொண்டேயிருந்தது.

எங்கள் வீட்டில் பருப்புக்கு நாலு.
மூன்றோடு அணைப்பவள்
வேறு பருப்புத் தின்று வளர்ந்தவள்.

நான் கேட்கவில்லை.

மருதத்துத் தலைவிக்கு ஒரு தோழி இருந்தாள்,
வாசலில் நின்று
வந்த வழியே போ என்று அவனிடம் சொல்ல.
பழிபோட வயலில் எருமையாவது நின்றது.
எனக்கு இருப்பது அட்டைச் சாவி,
செருகினால் பச்சை எரியும்,
யார் செருகினாலும்.

காலையில் விருந்துக் காட்சி.
வீப்கே கை கழுவிவிட்டு வந்தாள்.
மோதிரம் கழுவுதொட்டி விளிம்பிலேயே தங்கிவிட்டது.
ஹெட்விக் கணவனுக்குச் சூப் ஊற்றுகிறாள்,
வெறும் விரல்,
மோதிரம் இருந்த இடத்தில் வெளிறிய ஒரு வளையம்.
ஒளிப்பதிவாளர் தெரியாமல்
அதன்மேலேயே வெளிச்சம் வைத்திருந்தார்.

"எல்லாம் சரியா?"
வழக்கம்போல் என் பக்கம் திரும்பினார் இயக்குநர்.
பதினொரு படம் செய்திருக்கிறேன்.
ஒரு பொத்தான் தவறியதில்லை.

சரி என்றேன்.
மோதிரம்: உண்டு, என்று எழுதினேன்.

எங்கோ ஓர் இருட்டில் எவளோ ஒருத்தி
பக்கத்திலிருப்பவரை முழங்கையால் இடித்து
"பார், தப்பு" என்பாள்.
அவர் பார்ப்பார்.
அவர் மடியில்
கைபேசி கவிழ்ந்து கிடக்கும்.