தண்ணீரின் எடை

வயது கேட்டது. நாற்பத்தாறு என்றேன்.
எடை கேட்டது. எழுபத்தாறு என்றேன்,
ஐந்து கிலோவை வீட்டிலேயே வைத்துவிட்டு.
மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் சிமிட்டி
எண்ணத் தொடங்கியது கடிகாரம்.

சையத் பாஷா மலை, காலை ஆறேகால்.
முதல் வளைவில் நூற்றிருபது.
பாதி ஏறுவதற்குள் நூற்று அறுபத்திரண்டு.
கீழே கிருஷ்ணகிரி இன்னும் விளக்கணைக்கவில்லை.
மாங்கூழ் ஆலைப் புகை நேராக நின்றது.
பாறையில் உட்கார்ந்தேன்.
உட்கார்ந்த பிறகும் நெஞ்சு மட்டும் ஏறிக்கொண்டிருக்க
அதற்கும் ஒன்பது கலோரி போட்டுக்கொடுத்தது.

தோளில் இருபது லிட்டர் கேனோடு
என்னைத் தாண்டினார் திம்மராயன்,
தர்காவுக்கு, இன்றைக்கு மூன்றாவது நடை.
என்ன தோன்றியதோ,
கழற்றி அவர் கையில் கட்டினேன்.
வார் கடைசித் துளைக்குப் போனது.

உச்சியில் வாங்கிப் பார்த்தேன்.
நூற்றெட்டைத் தாண்டவே இல்லை துடிப்பு.
கீழ்ப்பாதியில் நான் முக்கி முனகி எரித்ததில்
பாதிகூட இல்லை அவருடைய மேல்பாதி.
மிதமான பயிற்சி என்றது திரை,
நாளை இன்னும் கொஞ்சம் முயலச் சொன்னது.

கேனை இறக்கி, துண்டால் பிடரி துடைத்து,
எட்டிப் பார்த்தார்.
"இதுல தண்ணி எடை சேந்திருக்குதாங்க?"

தெரியவில்லை என்றேன்.
தெரியும்.

ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார், குடித்தேன்.
அதற்குள்
அவர் ஏறிய படிகளையெல்லாம்
என் பெயரில், என் பொய் எடையில்
சேமித்துவிட்டிருந்தது கடிகாரம்.