அரை முதலை

ரைன் கரைப் பாசறையில்
மறுபடி சில்லறைத் தட்டுப்பாடு.
ஒரு குவளை பார்லிக் கள்ளுக்கு
முழு வெண்கலம் நீட்டுகிறான் தாஸ்கோ.
மீதிக்கு நான் எங்கே போக?

உளி வைத்து ஒரே போடு.

முதுகோடு முதுகாய்
ஆளுக்கொரு திசை பார்த்திருந்த
இரண்டு பெருந்தலைகளும் பாகம் பிரிந்தன.
பின்பக்கம்
ஈச்சமரத்தில் கட்டிப்போட்ட ஏதோவொன்று:
வால் அவனுக்கு,
வாய் எனக்கு.

“இது என்ன, ஓணானா?”
“முதலை. எகிப்து. நாம் பிடித்தது.”
எகிப்தை அவன் பார்த்ததில்லை,
அவன் அப்பனும்.
அந்த “நாம்” யாரென்று நான் கேட்கவில்லை;
கள்ளுக்கடைக்காரி வெரெக்குந்தா
கேட்கிற கேள்வியா அது?

விளக்கருகே திருப்பிப் பார்த்தேன்.
மரம் பிளந்து, சங்கிலி அறுந்து
கழுத்து சும்மா இருந்தது.

முதலை வெட்டாமல்
யாருக்கு நடக்கிறது வியாபாரம்?

வால்களை மீதியாகக் கொடுத்துவிடுவேன், எப்போதும்.
பெட்டியில் நாற்பத்தோரு அரைகள்,
அத்தனையும் வாய்.
பனி இறங்கும் ராத்திரிகளில்
அதன்மேல்தான் தலைவைத்துப் படுக்கிறேன்.

அவர்களுக்குச் சம்பளம் வர
இன்னும் ஒன்பது நாள்.