பதினேழாம் பக்கம்

குவீன்ஸ்டவுன் நூலகத்துப் பிரதி.
பதினேழாம் பக்க ஓரத்தில்
பென்சிலில் எவனோ:
"திருடன் தோட்டக்காரன்தான்."

பட்டென்று மூடினேன்.
மரகத மாலை கிடக்கட்டும்,
முதலில் இவனைப் பிடிக்க வேண்டும்.

எழுத்து வலப்பக்கம் ஈஷியிருந்தது: இடதுகை.
நாற்பதில் காயாப் பிசுக்கு.
அறுபதில், அடையாளத்துக்குச் செருகிய
டியூஷன் ரசீது,
புளோக், மாடி, பெயர் எல்லாம் போட்டு.
இவ்வளவு எளிதா என்று
எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

மின்தூக்கி எட்டில்தான் நிற்கும்.
ஒன்பதுக்குப் படியேறினேன்,
சீருடையில், கையில் எரியும் டார்ச்சோடு,
பிற்பகல் மூன்று மணிக்கு.

முபாரக் கதவைத் திறந்தான்.
இடது கையில் பாதி ரொட்டி.
"நான்தான் எழுதினேன். சும்மா, பொய்.
முடிவு வேற.
நீ இன்னும் படிக்கலையா?"

டார்ச்சை முதுகுக்குப் பின்னால்
மெல்ல அணைத்தேன்.