மீதி

வருடத்துக்கு இரண்டு முறை கூடுகிறது
ஆஸ்ட்பி குடும்ப அறக்கட்டளை,
பல் மருத்துவர் ஒருவரின் மாடியில், வாடகை அறையில்.
கீழே துளைபோடும் சத்தம் எழும்போதெல்லாம்
பொருளாளர் டார்வின் கன்னத்தைத் தொட்டுக்கொள்வார்.

காபி போடுவது நான்.
விண்ணப்பங்களை முழுசாகப் படிப்பதும் நான் ஒருத்திதான்.
இந்த ஏப்ரலில் நாற்பத்தொன்று.
கேட்டிருந்த தொகை எட்டு லட்சத்துச் சொச்சம் டாலர்,
கொடுக்க இருப்பது ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.
அள்ளிக் கொடுப்பதும் இல்லை, கிள்ளிக் கொடுப்பதும் இல்லை,
சட்டம் சொல்லும் நூற்றுக்கு ஐந்து.

பணம் இரும்பிலிருந்து வந்தது.
விஸ்கான்சினின் இந்த ஆற்றோர ஊரில்
பாதாளச் சாக்கடை மூடி ஒவ்வொன்றிலும்
ஆஸ்ட்பி என்று வார்த்திருக்கும்.
வார்ப்புப் பட்டறையை விற்றார்கள்.
வாங்கியவர்கள் மறுவருடமே பூட்டினார்கள்.
முந்நூற்றுப் பத்துப் பேர் வீட்டுக்குப் போனார்கள்.
விற்ற பணம் மட்டும் இன்னும் வேலை பார்க்கிறது.

நூலக வாசலுக்குச் சக்கர நாற்காலிச் சரிவு.
படகுப் பிள்ளைகளுக்கு எட்டுத் துடுப்பு.
முகவரி எழுதாமல், தபால் பெட்டி எண் மட்டும் எழுதி,
பெண்கள் காப்பகம் ஒன்று பன்னிரண்டு பூட்டு கேட்டிருந்தது.
படிவத்தில் ஒன்பதாம் கேள்வி:
விளைவை எப்படி அளப்பீர்கள்?
சாகப்போகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தார்
ஒரே வரியில் பதில் எழுதியிருந்தார்கள்:
கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்ததா என்று.
டார்வின் பென்சிலால் ஓரத்தில் குறித்தார்:
எண் வேண்டும்.

எல்லாம் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது.
பதினைந்து பேருக்கு ஆம், இருபத்தாறு பேருக்கு இல்லை.
கோட்டைத் தேடி எழுந்தவர்களிடம்
இன்னொரு உறை இருக்கிறது என்றேன்.

மெலோனி தெரு உணவுக் கிடங்கிலிருந்து.
போன இலையுதிர் காலத்தில் உறைபெட்டி வாங்க
நாலாயிரம் கொடுத்திருந்தோம்.
நடீன் கோல்பாக் எழுதியிருந்தார்
(பட்டறையில் மணல் அச்சு பிடித்தவர், இருபத்திரண்டு வருடம்):
பக்கவாட்டில் நசுங்கிய பெட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது.
நசுங்கல் சுவர்ப்பக்கம், யாருக்கும் தெரியாது.
மீதியை இணைத்திருக்கிறேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு டாலர், நாற்பது சென்ட்.

யாரும் காசோலையைத் தொடவில்லை.
கணக்கேட்டில் இதற்கு வரி இல்லை என்றார் டார்வின்.
திருப்பி அனுப்பிவிடலாமே என்றார் தடேயஸ்,
அரிசி பருப்பு ஏதாவது வாங்கிக்கொள்ளட்டும்.
திரையில் இருந்த பிரிட்டா, கலிபோர்னியாவில் அவளுக்கு இன்னும் காலை,
அவங்களே அதை வாங்கியிருக்கலாமே, வாங்கலையே, என்றாள்.
தலைவி கொரீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்ததையே துடைத்தார்.
அந்தம்மா நமக்கு ஏதாவது சொல்ல வருகிறாரா?

கணக்குச் சொல்கிறார், என்றேன்.

நாற்பது நிமிடம் பேசினார்கள்.
வக்கீலுக்குப் போன் போட்டார்கள். மதியச் சாப்பாட்டில் இருந்தார்.
கடைசியில் டார்வின் அளவுகோல் வைத்துக்
கோடு ஒன்று கிழித்து, மேலே எழுதினார்:
பெற்றது.
நீட்டிப் பழகிய கை, வாங்கும்போது
எப்படித் திரும்ப வேண்டும் என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் மேசைமேல் கிடந்தது.

மறுப்புக் கடிதம் அச்சிலேயே இருக்கிறது,
வருந்துகிறோம் என்ற சொல்லும் சேர்த்து.
பெயரை மட்டும் மாற்றினால் போதும்.
ரசீதுக்கு மாதிரி எதுவும் இல்லை.
அன்புள்ள நடீன் என்று கையால் தொடங்கி
மூன்று தாள் கிழித்தேன்.
நாலாவதில் கொரீன் கையெழுத்துப் போட்டார்,
அழுத்திப் போட்டதில்
அடியில் இருந்த தாளிலும் பெயர் விழுந்தது.

தபால் நிலையம் இரண்டு தெரு தள்ளி.
பையில் இருபத்தாறும் ஒன்றும்.
காலையில் பெய்த பனி
நடைபாதையெல்லாம் அப்படியே கிடக்கிறது,
சாக்கடை மூடிமேல் மட்டும்
கீழிருந்து வரும் சூட்டில் கரைந்து
அந்தப் பெயர் வட்டமாகத் தெரிகிறது.
ஒரு காகம் அதன்மேல் நின்று
கால் காய்ச்சிக்கொண்டிருக்கிறது.
நான் சுற்றிக்கொண்டு போகிறேன்.