தண்ணி நிக்குமா

மீனம்பாக்கம் சரக்கு முனையத்தில்
பதினேழு மரப்பெட்டிகள்.
ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு தாள் நிரப்பவேண்டும்:
உயரம், எடை, கீறல், விரிசல், மற்றவை.
ஜபருல்லா ஆணி பிடுங்குகிறார்
பால்பல் பிடுங்குகிற மாதிரி
கொஞ்சம் ஆட்டி, கொஞ்சம் காத்திருந்து.

முதல் பெட்டியில் ஹயாசேயின் மண்.
ஹயாசே பக்கத்தில்தான் நிற்கிறார்,
முப்பத்திநாலு வயது, கால்சட்டை நிறைய பாக்கெட்,
விமானத்தில் தூங்காத கண்.
கத்தி படாமல் கையால் பிளந்த
பலாப்பழம் போல் ஒரு வாய்.
வெளியே முழுக்க முள். ஒவ்வொன்றும்
தனித்தனியே உருட்டி ஒட்டியதாம்.
எண்ணத் தொடங்கிய ஜபருல்லா
நாற்பதில் விட்டுவிட்டார்.

சுங்க அதிகாரி அறவாழி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இது பாத்திரமா, சிற்பமா?"
அதற்கு ஒரு வரி, இதற்கு ஒரு வரி.
"கலைப்பொருள் சார்."
"அது நீங்க சொல்றது. தண்ணி நிக்குமா?"

யாருக்கும் தெரியவில்லை.
செய்தவருக்கும் தெரியவில்லை.
அவர் யோசித்தார், பிறகு சிரித்தார், பிறகு
மேசையிலிருந்த அறவாழியின் பாட்டிலை எடுத்து
அவரே ஊற்றினார்.
காப்பீட்டுத் தொகையின் பூஜ்யங்கள்
என் தொண்டையில் ஒவ்வொன்றாய் இறங்கின.

நின்றது.
டீ வந்தது. டீ ஆறியது.
அப்போது ஒரு முள்ளின் நுனியில்
ஒரு சொட்டு.
அப்புறம் இன்னொரு முள்ளில். அப்புறம்
எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.
"வேர்க்குதுங்க" என்றார் ஜபருல்லா.
"வந்து ஒரு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள
சென்னைக்காரன் ஆயிடுச்சு."

அறவாழி நெடுநேரம் குனிந்து பார்த்தார்.
நிற்கிறது, ஆனால் நிற்கவில்லை.
இரண்டு கட்டத்தில் எதையும் அவர் டிக் செய்யவில்லை.
பேனாவை மூடி, "நாளைக்குப் பாக்கலாம்" என்று
போனவர் திரும்பி வந்து
போனில் படம் எடுத்துக்கொண்டார்.

பதினொன்றாம் பெட்டி குராத்தாவின் கண்ணாடி.
குளிர் அறையில் இரவெல்லாம் இருந்தது.
இதுவரை அவர் ஒன்றும் பேசவில்லை.
கண்ணாடித் தூளை அச்சில் நிரப்பி
உலையில் நாள்கணக்காய் ஆறவிட்டு எடுத்த தகடு,
ஜன்னலில் யாரோ மூச்சு விட்டது போல
நடுவில் மட்டும் ஒரு வெண்மை.

வெளியே தாழ்வாரத்தில் கத்திரி வெயில், கடல் ஈரம்.
தகட்டைக் கொண்டுவந்து வைத்ததும்
ஓரத்திலிருந்து நடுவரை
மொத்தமும் பூத்துவிட்டது.
எது அவர் செய்த மூச்சு,
எது மீனம்பாக்கத்தின் மூச்சு,
பிரிக்கவே முடியவில்லை.

நான் துணியோடு பாய்ந்தேன்.
மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.
அவர் மணிக்கட்டில் வரிசையாய் சுட்ட தழும்புகள்,
தோசைக்கல்லில் என் கை வாங்கியவை போலவே.
போனை எடுத்து எதையோ சொன்னார்.
போன் யோசித்து, தமிழில் சொன்னது:
"நான் இரண்டு வருடம். உங்கள் ஊர் ஒரு நிமிடம்."

புகாரா, பாராட்டா?
போனின் குரலில் அது இல்லை.
முகத்தைப் பார்த்தேன். அதிலும் இல்லை.

நான்கு நிமிடத்தில் எல்லாம் வடிந்து
அவருடைய வெண்மை மட்டும் மிஞ்சியது,
கொஞ்சம் சின்னதாய்த் தெரிந்தது.
கீறல்: இல்லை. விரிசல்: இல்லை.
மற்றவை என்ற இடத்தில்
3.12 முதல் 3.16 வரை என்று எழுதி
அதற்கு மேல் என்ன எழுதுவதென்று
பேனா நின்றது.

ஜபருல்லா தரையில் உட்கார்ந்து
வளைந்த ஆணிகளைச் சுத்தியலால்
நிமிர்த்திக்கொண்டிருந்தார்.
திரும்பிப் போகும்போதும்
இதே ஆணிதான்.