நாலாயிரம் குவாச்சா

இருநூற்று அறுபது வெள்ளி.
இரண்டு வருடம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை
செம்பவாங் சபைக் கூடத்தில்
மிஞ்சிய பிரியாணிப் பொட்டலங்களை ஒதுக்கிவிட்டு
மேசைமேல் எண்ணினோம்.
ஞானசிகாமணி அண்ணன் ஒருதரம், நான் ஒருதரம்.
வட்டி கிடையாது.
விதைக்கடலை, இரண்டு ஆடு, ஒரு மண்வெட்டி.
பெயர்: தேம்வா கொண்ட்வே.
ஊர்: மலாவியில், ம்சிம்பாவுக்கும் அப்பால்
பேருந்து நிற்கிற இடத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் நடை.

நான் பொருளாளர்.
பகலில் துவாஸ் கப்பல் பட்டறை ஒன்றுக்குச் சம்பளக் கணக்கு.
கடலை மண்ணுக்கு மேலே காய்க்குமா கீழே காய்க்குமா என்று
கைப்பேசியில் தேடிப் பார்த்துத்தான்
படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

முதல் மழை வந்தது. அடுத்தது வரவில்லை.
ஆறு மாதம் தவணைக் கட்டத்தில் கோடு மட்டும் இழுத்தேன்.
குழுவில் ஒருவர், பெயர் வேண்டாம்,
வராக்கடன் என்று எழுதிவிடலாமே என்றார்.
அன்றைக்கும் எழுந்து நின்று பரமண்டல ஜெபம் சொன்னோம்.
கடன் என்ற சொல் வருகிற இடத்தில்
எல்லார் குரலும் சற்றுத் தணிந்தது,
அல்லது எனக்கு அப்படிக் கேட்டது.

வெட்கத்தோடுதான் சொல்கிறேன், நான் கேட்டிருந்தேன்:
எங்கள் சபைப் பெயர் எழுதிய துணியைப் பிடித்துக்கொண்டு
அவள் சிரிக்கிற படம் ஒன்று. நன்றி விழா அட்டைக்கு.
அனுப்பினாள். ஆளில்லாத வயல்.
சிவந்த மண், வரிசை தப்பிய செடிகள்,
ஓரத்தில் ஆட்டின் வால் மட்டும்.
கீழே ஒரு வரி:
உங்கள் காசு இதுதான், நான் இதற்குத் தண்ணீர் சுமக்கிறவள்.

அதன்பிறகுதான் பேசத் தொடங்கினோம்.
அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும்
ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்றன.
நீங்கள் என்ன விதைக்கிறீர்கள், என்றாள்.
ஈசூனில் ஒன்பதாம் மாடி, நடைபாதையில் ஒரு கற்றாழைத் தொட்டி,
அதற்கும் நகர மன்றத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது, என்றேன்.
சொல்ல வேறொன்றும் இல்லாமல் பக்கத்து வீட்டைச் சொன்னேன்.
வட்டிமுதலைகள் வந்துபோன இரவு.
டாக்சி ஓட்டும் கோவின் கதவெல்லாம் சிவப்புச் சாயம்,
இரும்புக்கதவில் யாரோ மாட்டிய சங்கிலிப் பூட்டு,
சுவரில் நான்கு எழுத்து.
காலையில் தின்னரும் துணியுமாக அவர் தேய்த்துக்கொண்டிருந்தார்.
நான் தாண்டி மின்தூக்கிக்குப் போனேன்,
ஒரு வார்த்தை பேசவில்லை, என்று எழுதினேன்.

மே மாதம் கடலை பிடுங்கினார்கள்.
நின்றுபோன தவணைகளும் சேர்ந்து வந்தன.
நாலாயிரம் குவாச்சா கூடுதலாக.
தப்பாக அனுப்பிவிட்டாய், என்றேன்.
தப்பில்லை, என்றாள்.
அறுப்பின் பண்டிகை அன்று
பாதிக் கூரை மட்டும் போட்ட அவர்கள் கோயிலில்
பெண்கள் ஆளுக்கொரு சுளகு கடலை கொண்டுவந்து கொட்டி
ஒரு குவியலைத் தனியே தள்ளி வைத்தார்களாம்,
கதவில் சாயம் ஊற்றப்பட்ட மனிதனுக்கு.
பெயர் தெரியாததால்
சிங்கப்பூர்க்காரியின் அண்டை வீட்டான் என்று சொல்லி ஜெபித்தார்களாம்.

நாலாயிரம் குவாச்சா என்றால்
அன்றைய மாற்று விலைக்கு மூன்று வெள்ளி பத்துக் காசு.
பேரேட்டில் எங்கே எழுத?
முதல் இல்லை. வட்டி இல்லை.
நன்கொடைதான், ஆனால் நமக்கு இல்லை.
ஞானசிகாமணி அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கணக்காய்வாளர் கேட்பாரே, என்றார்.
பிறகு இன்னும் கொஞ்சம் துடைத்தார்.

சனிக்கிழமை காலை கீழே கோப்பிக்கடையில்
இரண்டு கோப்பி ஓ, பையில் கட்டி.
முப்பது காசு மீதி. அதையும் கையில் வைத்துக்கொண்டேன்.
கோவின் கதவு இப்போது வெளிர் பச்சை.
கீல் ஓரம் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு போகவில்லை.
மலாவி எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவதா,
கடலையிலிருந்தா.
தட்டினேன்.
உள்ளே செருப்புச் சத்தம் நெருங்க நெருங்க
பையின் சூடு விரலில் ஏறிக்கொண்டே இருந்தது.
பதினோரு வருடம் ஒரே சுவரின் இரண்டு பக்கம்.
எனக்கும் அவர் முழுப்பெயர் தெரியாது.